மாமனாருக்குப் போட்டுக் காட்டிய கேசட்

இன்னொருவர் வாசித்த கிட்டாரை என்னுடையது என்று சொல்லித்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. இதை வெளியே சொல்ல இத்தனை வருஷம் ஆனதற்குக் காரணம் வெட்கம். அடக்கம் என்று யாராவது எடுத்துக்கொண்டால் நான் மறுக்கப் போவதில்லை.

எண்பதுகளில் நான் சினிமாப் பாட்டுப் பதிவுகளில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். திருமுல்லைவாயிலில் பெட்டியோடு மின்சார ரயிலில் ஏறுவேன். பட்டரவாக்கத்தில் இறங்குகிற தொழிற்பேட்டை ஆட்கள் அதுவரை தங்கள் சாப்பாட்டுக் கேரியரை என் பெட்டிமேல் வைத்துக்கொள்வார்கள். அந்தக் கிட்டாரால் பொதுமக்கள் அடைந்த நேரடிப் பயன் அநேகமாக அதுதான்.

பதிவுக் கூடத்தில் என் நாற்காலி ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தது. பாடுகிறவரின் குரலுக்கு அடியில் ஜங் ஜங் என்று தாளத்தோடு ஒட்டிப்போவது என் வேலை. கேசட் அட்டையில் பாடியவர் பெயர் இருக்கும், இசையமைத்தவர் பெயர் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும். தூணுக்குப் பின்னால் இருப்பவனுக்கு அட்டையில் இடம் போதாது.

பெண்ணின் அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாட ஃபேக்டரியில் வேலை. பெண் பார்க்கப் போன அன்று குவார்ட்டர்ஸ் வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டு முடித்ததும், நீங்கள் வாசித்தது ஏதாவது போடுங்கள் என்று டேப் ரிக்கார்டரை என் பக்கம் நகர்த்தினார். மாதச் சம்பளம் இல்லாத மாப்பிள்ளைக்குப் பெண்ணைக் கொடுப்பதா என்ற யோசனை அவர் முகத்திலேயே தெரிந்தது. அப்போது டீக்கடை டீக்கடையாக ஒலித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டைப் போட்டேன். ஒரு கிட்டார்த் துணுக்கோடு ஆரம்பிக்கும் பாட்டு. அதை வாசித்தவர் என் பக்கத்து நாற்காலிக்காரர். என் ஜங் ஜங்கும் அதே பாட்டில் சரணத்துக்குக் கீழே எங்கேயோ கிடக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நானே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கதவோரம் நின்ற பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"இது நான்தான்" என்றேன்.

ஐப்பசியில் முகூர்த்தம் என்று முடிவானது. அதற்குள் அவர் ஃபேக்டரி முழுக்கச் சொல்லிவிட்டார். ஆயுத பூஜைக்குக் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் பூந்தமல்லியிலிருந்து ஒரு குழு வந்து கச்சேரி செய்யும். அந்தப் பாட்டுக்கு எங்கள் மாப்பிள்ளைதான் கிட்டார் என்று குழுவிடம் பேசி முடித்துவிட்டு, பிறகுதான் எனக்குத் தகவல் சொன்னார். அன்று முதல் வரிசையில் தன் ஃபோர்மேனைக் கொண்டுவந்து உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார்.

இங்கே எங்கள் தொழிலின் லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். பதிவுக்குப் போகிறவனுக்குப் பாட்டு தெரியாது. அவனுக்குக் கொடுக்கும் தாளில் அவன் வாசிக்க வேண்டியது மட்டும்தான் எழுதியிருக்கும். கொஞ்ச நேரம் சும்மா இரு, பிறகு வாசி, மறுபடியும் சும்மா இரு. சும்மா இருக்கும்போதும் தாளத்தை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவன் எண்ணிக்கை தப்பினால் கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். ஆக, வருஷக்கணக்காக நான் ஒழுங்காகக் கற்றது சும்மா இருப்பதைத்தான்.

கேசட்டைத் தேயத் தேயப் போட்டு அந்தத் துணுக்கைப் பழகியிருந்தேன். மேடையில் அது பாதிவரை வந்து, தடுக்கி விழுந்தது. பாடகர் என்மேல் இரக்கப்பட்டுப் பல்லவியை எடுத்துவிட்டார். பயத்தில் மனிதன் தெரிந்ததைத்தான் செய்வான். நான் எண்ண ஆரம்பித்தேன். பல்லவி முழுக்க விரலை மடக்கி எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரணம் வந்ததும் பதிவில் வாசித்த அதே ஜங் ஜங்கை வாசித்தேன். அது முடிந்ததும் மறுபடி சும்மா இருந்தேன். குழுவில் வேறு கிட்டார் இல்லை. இடையில் கிட்டார் நிரப்ப வேண்டிய இடங்களில் தபேலாக்காரர் தனியாக மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.

பின்வரிசையிலிருந்து என் வருங்கால மாமனாரை ஒருவர் கூப்பிட்டார்.

"இன்னா மாமே, உன் மாப்ள அரை நாள் லீவுல கீறாரா?"

நாலைந்து வரிசை சிரித்தது. ஃபோர்மேனும் சிரித்தார். மாமனார் திரும்பவில்லை, கழுத்து மட்டும் விறைத்துக்கொண்டது.

இறங்கி வந்தவன், மைக்செட் ஒயர் போய்விட்டது என்றேன். அவ்வளவுதான், மாமனார் மைக்செட்காரரைப் பிடித்துக்கொண்டார். காதுகுத்துக்குக்கூட லாயக்கில்லாத சாமானை எடுத்துக்கொண்டு வந்து மனுஷனின் பேரைக் கெடுப்பதா என்று ஃபோர்மேன் காதில் விழுகிற மாதிரி கத்தினார். மைக்செட்காரர் என்னைவிடச் சின்னவர். ஒயரைக் கையில் சுற்றியபடி என்னைப் பார்த்தார். நான் கிட்டாரின் முறுக்காணிகளை மிகுந்த அக்கறையோடு பரிசோதித்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் நிறைய இடங்களில் அபஸ்வரமாக வாசித்திருக்கிறேன். இன்றும் முகம் சுடுவது அந்த முறுக்காணிகளை நினைத்தால்தான்.

கல்யாணம் நடந்தது. தொண்ணூறுகளில் ஜங் ஜங்கைக் கீபோர்டே பார்த்துக்கொண்டது. என்னைக் கூப்பிடுவது குறைந்து, நின்றேபோனது. அம்பத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்கெழுதப் போனேன். இனி காப்பாற்ற ஒரு பெயரும் இல்லை என்றானதும் தைரியம் வந்தது. ஓய்வுபெற்றுத் திருவேற்காட்டில் வீடு கட்டிக்கொண்டிருந்த மாமனாரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேசட்டில் இருப்பது நான் இல்லை, அன்று ஒயரும் போகவில்லை, ஒரு பாவமும் அறியாத மைக்செட்காரரைத் திட்டு வாங்கவைத்தேன் என்று.

அவர் வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"அது அன்னிக்கே தெரியும் மாப்ள. ஒயரு நல்லாத்தான் கீதுன்னு அந்த மைக்செட்காரன் அப்பவே வந்து சொல்ட்டான். இன்னா பண்றது, பத்திரிகை அடிச்சாச்சே."