பத்து காசும் அப்பாவின் ஆம்பும்

போன மாதம் மாமா அப்பாவின் லாரியிலிருந்து ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். லாரியை வாங்குகிற ஆளுக்கு அது வேண்டாமாம்.

“நீயே வெச்சுக்க பாப்பா. உங்கப்பா ஞாபகமா இருக்கட்டும்,” என்றார்.

அப்பா இறந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. சட்டை, கைலி, மூக்குக்கண்ணாடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அழுது முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். இந்தத் தகரப் பெட்டியைப் பார்த்ததும் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. அதன் பக்கவாட்டில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு குமிழ் இருக்கிறது. நடுவில் ஒரு பிளவு. அதைச் சுற்றிப் பத்து காசால் கீறிய கோடுகள். அவை நான் போட்டவை.

அப்பாவுக்குக் காது மந்தம். அம்மா சொல்லி எனக்கு அது தெரியவந்தபோது பதினாறு வயது. இந்தக் கோடுகளைப் போட்டபோது ஒன்பது. அம்மாவுக்குக்கூட அந்த நேரத்தில் பாதிதான் தெரியும். அப்பா யாரிடமும் சொல்லவில்லை. பாலோ ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலைகளை ஏற்றி மில்லில் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் அவர் வேலை. லாரி லைசன்சைப் புதுப்பிக்க டாக்டரிடம் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். காது சரியில்லை என்று டாக்டர் எழுதிவிட்டால் லாரி ஓட்ட முடியாது. லாரியை விட்டால் அப்பாவுக்கு வேறு தொழில் தெரியாது. அந்த வருஷம் கையெழுத்து வாங்கவேண்டிய மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் டாக்டரிடம் போகாமல் மாமாவிடம் போனார்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, குளுவாங் டவுனில் கார்களுக்கு ரேடியோ மாட்டுகிற கடையில் வேலை செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியோடு வந்து இறங்கினார். நான் லாரிக்குள் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

“ரேடியோ நல்லாத்தானே பாடுது மச்சான்,” என்றார் மாமா.

“எங்க பாடுது? கம்பெனிக்காரன் குடுத்தது சொத்த லா. கொசு பாடுற மாதிரி இருக்கு.”

“எனக்கு நல்லாத்தான் கேக்குது.”

“நீ இஞ்சின ஆஃப் பண்ணிட்டுக் கேக்குற. ஓட்டிக்கிட்டே கேட்டுப் பாரு, தெரியும்.”

மாமா ரேடியோவைக் கழற்றினார். லாரியோடு வந்த ரேடியோவில் ஆம்ப் மாட்டத் தனி ஓட்டை கிடையாது. அதனால் ஸ்பீக்கருக்குப் போகிற வயர்களைப் பின்னால் பிரித்து அங்கிருந்து இழுத்தார். லாரியின் மின்சாரம் இருபத்துநாலு வோல்ட்டாம், ஆம்ப் கார்களுக்குச் செய்த பன்னிரண்டு வோல்ட்டாம். நேரே கொடுத்தால் புகைதான் வரும் என்று நடுவில் ஒரு சின்னப் பெட்டியையும் மாட்டினார். ஆம்பை இடது பக்க சீட்டுக்குக் கீழே முடுக்கினார். அது நான் உட்காருகிற சீட்டு. கடைசியாக அந்தக் குமிழைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“இதுதான் கெயினு. சத்தம் கூட்டக் கொறைக்க ரேடியோவுலயே பாத்துக்குங்க. இத ஒருதடவ வெச்சாச்சுன்னா அவ்ளோதான், தொடக்கூடாது.”

அப்பா தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

ரேடியோவின் சின்னத் திரையில் சத்தத்துக்கு நம்பர் வரும். பூஜ்யத்திலிருந்து நாற்பது வரை. அதுவரை அப்பா முப்பத்தெட்டில் வைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பதினைந்து வைத்ததற்கே லாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முழுப் பாட்டும் முடிகிறவரை அசையாமல் கேட்டார். பிறகு மாமாவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அவர் அத்தனை சந்தோஷமாக இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் லாரி வருவதற்கு முன் பாட்டு வந்தது. சாலை வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்டது. கேட் வாசலில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் பழைய பேப்பரும் இரும்பும் வாங்குகிற லாரி ஒன்று ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு, ‘சூராட் காபார் லாமா’, பழைய பேப்பர், என்று மலாயில் கத்திக்கொண்டு கம்பம் கம்பமாக, ஊர் ஊராகச் சுற்றும். என் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு அது சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது.

“ஏய், பேப்பர் லாமா வந்திருச்சு. ஓடு, உன்னத் தூக்கி எடைக்குப் போட்டுருவாங்க.”

“எங்க வீட்டுல ஓட்டச் சட்டி ஒண்ணு இருக்கு. உங்கப்பா எடுப்பாரா?” என்றாள் இன்னொருத்தி.

அடுத்த நாளிலிருந்து என் பெயரே பேப்பர் லாமா. ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் என் பெயரைக் கூப்பிட்டால்கூடப் பின்வரிசையிலிருந்து மெதுவாக ‘லாமா’ என்று வரும். அப்பாவிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அவர் முகம் இருந்த இருப்பை நினைத்தேன். சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமலே குறைப்பது என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் அப்பா தினமும் ஒரு கடையில் நிறுத்தி எனக்குப் பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் தேநீர் வாங்கிவருவார். அவர் இறங்கிப் போகிற நேரம் போதும். சீட்டுக்குக் கீழே கையை விட்டு, பத்து காசை அந்தப் பிளவில் செருகி, இடது பக்கமாக ஒரு நெல்லளவு திருப்பினேன். ஒரேயடியாகத் திருப்பினால் கண்டுபிடித்துவிடுவார். தினமும் ஒரு நெல். அந்த வயதுக்கு நல்ல புத்திதான்.

ஆனால் நான் குறைத்தால் அப்பா கூட்டினார். பதினைந்து பதினெட்டானது. மறுநாள் இருபத்தொன்று. நான் இன்னொரு நெல் திருப்பினேன், அவர் இருபத்தைந்து வைத்தார். பள்ளிக்கூட வாசலில் சத்தம் அப்படியே இருந்தது, ‘லாமா’வும் அப்படியே இருந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்பாவுக்கும் எனக்கும் ஒரு போட்டி நடப்பதாகவும், அவருக்கு மட்டும் அது தெரியாது என்றும் நினைத்துக்கொண்டேன். தினமும் லாரியில் ஏறியதும் முதலில் நம்பரைத்தான் பார்ப்பேன். முப்பது. முப்பத்துநாலு. நாற்பது வந்த அன்றைக்கு எனக்குள் ஒரே குதி. இனி அவருக்குப் போக இடமில்லை. நான் திருப்பத் திருப்ப இனிமேல் உண்மையாகவே குறையும்.

குறைந்தது. அடுத்த வாரம் லாரி வந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டச் சட்டிக்காரி என்னிடம் அழிப்பான் கடன் கேட்டாள். நான் ஜெயித்துவிட்டேன்.

அப்பா அந்த நாட்களில் ஓட்டிக்கொண்டே உள்ளங்கையால் காதை அடித்துக்கொள்வார். கொட்டாவி விடுகிற மாதிரி வாயை அகலமாகத் திறந்து மூடுவார். சாயங்காலம் அம்மா மடியில் தலையைச் சாய்த்துப் படுத்துக் காதில் பூண்டு எண்ணெய் விட்டுக்கொண்டார். பஞ்சு வைத்த காதோடு அவரைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக வந்தது. லைசன்ஸ் தாள் டிவி மேல் கிடந்தது. அம்மா அதை எடுத்துக் காட்டும்போதெல்லாம் அவர் நாளைக்கு என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் அப்பா பேசுவது கேட்டது. காது கேட்காதவர்கள் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சத்தமாகத்தான் பேசுவார்கள்.

“நாளுக்கு நாள் கொறையுது. நாப்பது வெச்சும் கேக்கல.”

“எண்ணெ விட்டுமா?”

“ஒண்ணும் இல்ல. டாக்டரு கிட்ட போயி என்னா செய்ய? அவர் எழுதித் தள்ளறதுக்கு முன்ன நானே வுட்டுறேன். லாபிஸ் ஊர்க்காரரு ஒருத்தரு நாளைக்கு லாரியப் பாக்க வராரு.”

 “அப்புறம் நீங்க என்னாங்க செய்வீங்க?” என்றார் அம்மா. 

‘கொறையுது’ என்று அவர் சொன்னதை நான் ரேடியோ என்று எடுத்துக்கொண்டேன். ஆம்ப் கெட்டுப்போய்விட்டது என்று அப்பா லாரியையே விற்கப்போகிறார் என்றுதான் எனக்குப் புரிந்தது. சட்டையில் ஒரு பொத்தான் போனதற்குச் சட்டையைத் தூக்கிப் போடுகிற மாதிரி. இவ்வளவு கோபமா என்று பயந்துபோனேன். செருப்புக்கூடப் போடாமல் லாரிக்கு ஓடினேன். கதவைத் திறந்து, சீட்டுக்குக் கீழே கையை விட்டு, இத்தனை நாள் நெல் நெல்லாகக் குறைத்ததை எல்லாம் ஒரே திருப்பில் வலது பக்கம் திருப்பினேன். மாமா எங்கே வைத்திருந்தார் என்று எனக்கு ஞாபகமில்லை. அதனால் திரும்புகிற வரைக்கும் திருப்பினேன். அவசரத்தில் காசு கை நழுவி எங்கேயோ விழுந்துவிட்டது. தேட நேரமில்லை.

ரேடியோ நம்பர் நாற்பதிலேயே இருந்ததை நான் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை லாபிஸ்காரர் வந்தார். நல்ல மனிதர், லாரியைச் சுற்றிவந்து டயரைத் தட்டிப் பார்த்தார். அப்பா இஞ்சினைக் கேட்டுப் பார்க்கச் சொல்லிச் சாவியைத் திருப்பினார்.

பாட்டு இடி மாதிரி விழுந்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் வேலி தாண்டிப் பறந்தன. லாபிஸ்காரர், “அலமாக்,” என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்து எங்கள் கருவேப்பிலைச் செடிமேல் உட்கார்ந்துவிட்டார். அம்மா அகப்பையோடு வெளியே ஓடிவந்தார். அப்பா மட்டும் சத்தத்தைக் குறைக்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் கோணியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

“கேக்குது,” என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார். “இங்கேரு, கேக்குது.”

“ஊருக்கே கேக்குதுங்க. கொறைங்க.”

லாபிஸ்காரருக்கு டீ கொடுத்து, செடியடியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, லாரி விற்பனைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு அப்பா இடது பக்க சீட்டைத் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். நான் அறைக்குள் போய் ரொத்தான் பிரம்படிக்காகக் காத்திருந்தேன். அடி வரவில்லை. அப்பா உள்ளே வந்து அம்மாவிடம் நகப்பூச்சு கேட்டார்.

“எதுக்கு? இந்த வயசுல?”

“லாரிக்குப் பொட்டு வைக்கணும்.”

கெயினைச் சரியான இடத்தில் வைத்து, அந்த இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தார். அழகுக்கு வைக்கிறார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை டாக்டரிடம் போனார். வலது காது பரவாயில்லை, இடது காது பாதிக்குமேல் போய்விட்டது, ஓட்டலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். இதுவும் அம்மா பிறகு சொன்னதுதான். அதற்குப்பின் பன்னிரண்டு வருஷம் அந்த லாரியை ஓட்டினார். அந்தப் பத்து காசு எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

அன்றிலிருந்து லாரி பள்ளிக்கூட வாசலுக்கு வருவதும் நின்றது. வளைவுக்கு முன்னாலேயே, மரத்தடியில், பாட்டை அணைத்துவிட்டு நிறுத்தியிருப்பார். வாசலில் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நான் ஏறியதும் ரேடியோவைப் போடமாட்டார்.

“பேசிக்கிட்டு வா பாப்பா,” என்பார்.

நானும் வீடுவரை பேசுவேன். வகுப்பில் யார் யாரை அடித்தது, யார் எதைத் திருடியது, எல்லாம். ஓட்டிக்கொண்டே, “ம், ம்,” என்பார். சந்தியில் வண்டி நிற்கும்போதுதான் என் பக்கம் திரும்பி ஏதாவது கேள்வி கேட்பார். அதுவரை யோசித்துக்கொண்டு வருகிறார் என்றே நம்பினேன்.

ஒருநாள், மில்லைத் தாண்டி லாரி வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, ரோட்டைப் பார்த்தபடியே சொல்லிவிட்டேன். “அப்பா, கெயினத் திருப்புனது நான்தான். தெரியாம செஞ்சுட்டேன்.”

“ம்,” என்றார்.

அத்தோடு முடிந்தது, அப்பா மன்னித்துவிட்டார் என்று நிம்மதியாகத் தேநீரை உறிஞ்சினேன். நான் உட்கார்ந்திருந்தது அவருடைய இடது பக்கம். வண்டி நின்றால்தான் அவரால் என் வாயைப் பார்க்க முடியும். இது தெரிந்திருந்தால் மற்றதையெல்லாம் எப்படியோ சொல்லியிருப்பேன். அந்த ஒன்றை மட்டும் சந்தி வரும்வரை வைத்திருந்திருப்பேன்.