இசபெல் கேட்ட சாய்வுப்பாதை

இசபெல் இருக்கிற வீட்டுக்குச் சக்கரம் உண்டு. இசபெலுக்கும் சக்கரம் உண்டு. இரண்டும் நின்ற இடத்திலேயே நின்றன. வீட்டுக்கு எங்கேயும் போகத் தேவையில்லை, ஆனால் தேவை வந்தால் நகர்த்தக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது சட்டம். இசபெலுக்குப் போகத் தேவை இருந்தது, சட்டமும் அவளைத் தடுக்கவில்லை. தடுத்தவை வாசலில் இருந்த மூன்று படிகளும் வீட்டுக்குள் இருந்த ஒரு கணவரும்தான்.

லண்டனின் தெற்கு விளிம்பில், லண்டன் என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் துணிச்சல் வேண்டிய இடத்தில், 'ஓக் வியூ' என்று ஒரு பார்க் இருக்கிறது. ஓக் மரம் இல்லை. வியூ என்றால் எதிரே வரிசையாக நிற்கும் குப்பைத்தொட்டிகள். தொழிற்சாலையில் இரண்டு துண்டாகச் செய்து, லொறியில் கொண்டுவந்து இறக்கிப் பொருத்திய வீடுகள் அங்கே இருக்கின்றன. அவற்றைப் பார்க் ஹோம் என்பார்கள். வீடு உங்களுடையது, அது நிற்கிற நிலம் பார்க் சொந்தக்காரருடையது. வீட்டுக்கு உள்ளே நீங்கள் என்ன கூத்தும் ஆடலாம். வெளியே எதையாவது கூட்டுவதென்றால் அவர்களிடம் கேட்கவேண்டும்.

இசபெலின் கணவர் ஞானரட்ணம் இந்த வீட்டைப் பற்றிக் கோயில் சனத்திடம் ஒரே ஒரு சொல்தான் சொல்லியிருந்தார். "டிடாச்ட்." அது பொய்யில்லை. நாலு பக்கமும் எந்த வீட்டோடும் ஒட்டாதது, நிலத்தோடும் ஒட்டாதது. இரண்டாவதை அவர் சொல்லவில்லை. சக்கரங்களை மறைத்து அடிப்பாகத்தைச் சுற்றிச் செங்கல் பாவாடை கட்டியிருந்தபடியால் ஒருவரும் கேட்கவுமில்லை.

முன்பு, லண்டனில் மிச்சம் என்கிற ஊரில் அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. மன்னார்ப் பேசாலையில் பிறந்த இசபெல் அந்த வீட்டுக்காகப் பள்ளிக்கூடக் குசினியில் பெரிய பெரிய சட்டி தூக்கினாள். ஞானரட்ணம் கவுன்சிலில், பிழையாக நிறுத்திய கார்களுக்குப் பார்க்கிங் டிக்கெட் எழுதினார். மஞ்சள் கோட்டில் சக்கரத்தின் ஓரம் பட்டாலே போதும், பாதிரியாரின் காருக்கும் எழுதுவார், ஒருமுறை எழுதியும் இருக்கிறார். அந்த வீட்டை விற்றுத்தான் மகன் கிருசாந்தன் லண்டனின் மற்றக் கோடியில், ரெய்னர்ஸ் லேனில் வீடு வாங்கினான். கீழ் அறை அப்பா அம்மாவுக்கு என்று பேச்சு. வீட்டுக்குக் குடிபோன மாதமே கீழ் அறை அவனுடைய ஒவ்பிஸ் ஆயிற்று. இப்போது எல்லாரும் வீட்டிலிருந்துதானே வேலை செய்கிறார்கள், பாவம், அவன் என்ன செய்வான் என்றார் ஞானரட்ணம். மிஞ்சியதில் வாங்கியதுதான் இந்த டிடாச்ட்.

வந்த அடுத்த மாரியில் இசபெலுக்குப் பக்கவாதம் வந்து இடதுகால் செத்துப்போயிற்று. ஆஸ்பத்திரி சக்கர நாற்காலி கொடுத்து அனுப்பியது. இரண்டு அம்புலன்ஸ்காரர் அவளை நாற்காலியோடு தூக்கி மூன்று படியும் ஏற்றி உள்ளே விட்டார்கள். அன்றைக்கு உள்ளே போனவள்தான்.

அவள் கேட்டது பெரிய விஷயமில்லை. வாசலில் இருந்து றோட்டுக்கு ஒரு சாய்வுப்பாதை. பஸ் தரிப்பு வரைக்கும் தானே உருட்டிக்கொண்டு போய் வரவேண்டும். ஏலுமென்றால் ஞாயிற்றுக்கிழமை பூசை. ஏலாவிட்டால் பஸ் தரிப்பே போதும்.

பார்க்கைப் பார்த்துக்கொள்ளும் லிண்டா நேரே வந்தாள். சாய்வுப்பாதைக்குத் தாராளமாக அனுமதி தரலாம் என்றாள். மரம் அல்லது உலோகம், செங்கல் கூடாது. வீட்டுச் சுவரோடு எதையும் பொருத்தக்கூடாது. பக்கத்து வீட்டுக்கு விடவேண்டிய இடைவெளியை விழுங்கக்கூடாது. அவ்வளவுதான். அந்தக் கிழமையே அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. விசாவுக்கும் வேலைக்கும் பென்ஷனுக்கும் காத்திருந்து பழகிய இசபெலுக்கு, இந்த நாட்டில் ஒரு சம்மதம், ஒரு 'ஓம்', இவ்வளவு கெதியாக வந்ததை நம்பக் கஷ்டமாக இருந்தது. அந்த 'ஓம்' வீட்டுக்குள்ளேயே மாட்டுப்படும் என்று அவள் நினைக்கவில்லை.

ஒக்டோபர் வந்தது. ஜெபமாலை மாதம். அந்த மாதம் முழுக்கக் கோயில் பங்கிலுள்ள தமிழ்ச் சனம் மாதாவின் சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோகும். ஒவ்வொரு மாலையும் ஒரு வீடு. ஜெபமாலை சொல்லி, பாட்டுப் பாடி, ரோல்ஸும் கட்லட்டும் சாப்பிட்டுப் போவார்கள். மாதா அன்றிரவு அங்கே தங்குவார். வருவது மாதா, ஆனால் வீட்டைப் பார்ப்பது சனம். எந்த வீட்டுக் கதிரை கிழிந்திருக்கிறது, எந்த வீட்டுக் குசினி புதிது என்பதெல்லாம் ஜெபமாலையின் ஐந்தாம் காரணிக்கம் சொல்லி முடிவதற்குள் தெரிந்துவிடும். இந்த வருடம் எங்கள் வீட்டிலும் வைப்போம் என்று ஞானரட்ணம் தானாகவே மரினாவிடம் சொல்லிவிட்டு வந்தார். மரினாதான் ஜெபமாலைக் கூட்டத்துக்குப் பொறுப்பு. அவளுக்குத் தெரிந்த விஷயம் திருப்பலிக்கு முன்னரே பங்குக்குத் தெரிந்துவிடும்.

வாக்குக் கொடுத்த பிறகுதான் ஞானரட்ணம் தன் வீட்டை வெளியே நின்று பார்த்தார். தட்டையான சுவர், பிளாஸ்டிக் கதவு, மூன்று படி. இதற்கு முன்னால் ஒரு சாய்வுப்பாதையும் போட்டால் கடையின் பின்பக்கத்தில் சாமான் இறக்குகிற இடம் மாதிரி இருக்கும் என்று அவருக்குப் பட்டது. அதன் பிறகு அவருடைய யோசனை படிப்படியாக ஏறியது. சாய்வுப்பாதைக்கு மேலே மழை படாமல் ஒரு கூரை வேண்டும். கூரைக்குத் தூண் வேண்டும். தூண் மரத்தில் என்றால் உக்கிவிடும். ஆகவே செங்கல். செங்கல் என்றால் போர்ட்டிக்கோ. இவ்வளவும் மனைவியின் வசதிக்காகத்தான் என்று அவர் மனதார நம்பினார். அதுதான் ஆபத்து.

றஜீவைக் கூப்பிட்டார். மிச்சத்துத் தமிழ்க் குசினிகளில் பாதியைப் பின்பக்கமாக நீட்டியவன் றஜீவ். முதலில் கட்டுவது, யாராவது கேட்டால் பிறகு பார்ப்பது என்பது அவன் தொழில்முறை. அனுமதி இருக்குதோ என்று ஒப்புக்குக் கேட்டான். இருக்கு என்றார் ஞானரட்ணம். அதுவும் பொய்யில்லை, அனுமதி இருந்தது.

இசபெல் யன்னலடியில் இருந்து பார்த்தாள். அத்திவாரம் வெட்டினார்கள். இரண்டு தூண் எழும்பியது. கூரையைச் சுவரோடு இறுக்கினார்கள். நடுவில் சுரூபம் வைக்க ஒரு மாடமும் வைத்தார்கள். தரைக்கு மினுங்கும் ஓடு பதித்தார்கள். சாய்வுப்பாதையைத்தான் காணவில்லை.

"இஞ்சாருங்கோ," என்றாள். "றாம்ப் எங்க?"

ஞானரட்ணம் றஜீவைப் பார்த்தார். தூண்கள் இடத்தைப் பிடித்துவிட்டன, பக்கவாட்டில் போட்டால் அடுத்த வீட்டு இடைவெளி போய்விடும், நேரே போட்டால் செங்குத்தாக இருக்கும் என்று றஜீவ் விளக்கினான். "அக்கா அதில இறங்கினா நாற்காலி றோட்டுக்கு அங்கால போய்த்தான் நிக்கும், அண்ணை."

"அப்ப பின்பக்கம் போடுவம்," என்றார் ஞானரட்ணம்.

பின்பக்கத்தில் கதவே இல்லை. அதை இசபெல் அவருக்கு நினைவூட்டவில்லை. வேறொன்று சொன்னாள்.

"எனக்கு வாசலைத் தாண்டவேணும். உங்களுக்கு வாசலைக் காட்டவேணும். அவ்வளவுதான்."

"உமக்காகத்தானே இவ்வளவும்," என்றார் அவர். அவர் குரலில் உண்மையான மனவருத்தம் இருந்தது.

மாதா வந்தார். மரினாவின் கணவர் வானில் கொண்டுவந்து இறக்க, நாலு இளந்தாரிகள் தோளில் தூக்கி இரண்டு தூண்களுக்கு நடுவால் உள்ளே கொண்டுவந்தார்கள். மாதாவுக்கும் கால் நடக்காதுதான், ஆனால் தூக்க ஆள் இருந்தது. சனம் போர்ட்டிக்கோவைப் பார்த்து வாயைப் பிளந்தது. ஒருவர் தூணைத் தட்டிப் பார்த்தார். இன்னொருவர் ஊரில் வள்ளங்கள் வைத்திருக்கிற சம்மாட்டி வீட்டு முகப்பு மாதிரி இருக்கிறது என்றார். ஞானரட்ணம் அன்றைக்கு இரண்டு அங்குலம் உயர்ந்து நின்றார்.

உள்ளே வந்தவர்கள் எல்லாரும் இசபெலிடம் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள், கொடுத்து வைத்தவள் என்று. அந்தப் போர்ட்டிக்கோவை அவள் ஒருத்திதான் இன்னும் வெளியே நின்று பார்க்கவில்லை. ஒரு பெட்டை இரக்கப்பட்டு அதைப் போனில் படம் எடுத்துக் காட்டினாள். வடிவாகத்தான் இருந்தது. படத்தின் ஓரத்தில் யன்னலும் யன்னலுக்குள் ஒரு மங்கலான முகமும் தெரிந்தன. அது தன் முகம் என்று இசபெலுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

மறுநாள் மாதா வெளியேறி அடுத்த வீட்டுக்குப் போனார். இசபெல் இருந்தாள்.

அடுத்த கிழமை லிண்டா வந்தாள். தூண்களைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஞானரட்ணத்தைப் பயப்படுத்தியது. செங்கல்லும் சீமெந்தும் சுவரோடு சேர்ந்தால் இதை நகர்த்த ஏலாது, நகர்த்த ஏலாததை இந்தப் பார்க்கில் வைத்திருக்க ஏலாது, அப்படி விட்டால் நீங்கள் இங்கே இருக்கிற உரிமையே கேள்விக்குள் வந்துவிடும் என்றாள். உடைக்கவேண்டும்.

நீங்கள்தானே அனுமதி தந்தீர்கள் என்றார் ஞானரட்ணம். மற்றவர்களின் சாட்டுகளை இருபது வருடம் கேட்டுக் கேட்டு டிக்கெட் எழுதிய மனிதருக்கு, தன் சாட்டு எந்த ரகம் என்று தெரியாமல் இருக்காது.

சாய்வுப்பாதைக்குத்தான் தந்தோம் என்றாள் லிண்டா. பிறகு தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் தேடினாள். அது எங்கே என்று கேட்டாள். யன்னலுக்குள் இருந்த இசபெலுக்குச் சிரிப்பு வந்தது. அவள் அதை அடக்கவில்லை.

இங்கிலீஷில் வாதாட மகனுக்குப் போன் போட்டார்கள். கிருசாந்தன் மீட்டிங்கில் இருந்தான். "அப்பா, ஜஸ்ட் டேக் இட் டவுன், ஓகே? அம்மாக்கு ஹாய் சொல்லுங்கோ," என்றுவிட்டு வைத்தான். றஜீவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கட்டும்போது எடுத்த போன், உடைக்கும்போது எடுபடவில்லை.

ஆகவே ஞானரட்ணமே உடைத்தார். சுத்தியலோடு நின்ற கிழவரைப் பார்க்க இசபெலுக்குப் பாவமாகவும் இருந்தது, பாவமாக இருப்பதை நினைக்க எரிச்சலாகவும் இருந்தது. போர்ட்டிக்கோ விழும்போது அடியில் இருந்த செங்கல் பாவாடையின் ஒரு பகுதியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. உள்ளே ஒரு சக்கரம் தெரிந்தது. அவர் அதற்கு முன்னால் அவசரமாக ஒரு பலகையைச் சாத்தி வைத்தார்.

கோயிலில் கேட்டவர்களுக்கு, வெள்ளைக்காரருக்குப் பொறுக்கவில்லை, உடைக்கச் சொல்லிவிட்டார்கள் என்று சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். நம்மவர்களுக்கு நம்ப வசதியான விஷயம் அது.

லிண்டா மறுபடி வந்தபோது இசபெல் ஞானரட்ணத்தை முந்திக்கொண்டு கதவடிக்கு உருண்டாள். பள்ளிக்கூடக் குசினி இங்கிலீஷ் அவளிடம் இன்னும் மிச்சம் இருந்தது. என் றாம்பின் அனுமதி செத்துவிட்டதா, உயிரோடு இருக்கிறதா என்று கேட்டாள். உயிரோடுதான் இருக்கிறது என்றாள் லிண்டா. கவுன்சிலில் உலோகத்தில் செய்ததை ஒரு காலைக்குள் கொண்டுவந்து வைப்பார்கள், சுவரைத் தொடாது, பார்க்கோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறவர் ஒரு கையெழுத்து மட்டும் வைக்கவேண்டும் என்றாள்.

ஒப்பந்தம் ஞானரட்ணத்தின் பெயரில் இருந்தது. மிச்சத்து வீடும் அவர் பெயரில்தான் இருந்தது.

லிண்டா போனதும் அவர் மாட்டேன் என்றார். தூண் நின்ற இடத்தில் தகரச் சரிவு வைத்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? ஞானரட்ணம் விழுந்துபோனான் என்றுதான் நினைப்பான். கொஞ்சக் காலம் போகட்டும் என்றார்.

இசபெல் கெஞ்சவில்லை. கெஞ்சிய காலம் ஒன்று இருந்தது, அதில் பலன் இருக்கவில்லை. மடியில் இருந்த போனை எடுத்தாள்.

"மரினாவுக்கு ஒருக்கா எடுக்கப்போறன்."

"என்னத்துக்கு?"

"எங்கட வீட்டுக்குக் கீழ சக்கரம் இருக்கெண்டு சொல்ல. கரவன் வண்டியில இருக்கிறம் எண்டு சொல்லப்போறன்."

ஞானரட்ணம் அவளைப் பார்த்தார். திருமணமாகி நாற்பத்து நாலு வருடங்களில் அவர் அவளை அவ்வளவு கவனமாகப் பார்த்தது அதுவே முதல்முறை. அவளுடைய செத்த கால் அவரை அசைக்கவில்லை. லிண்டாவின் சட்டமும் பாதிதான் அசைத்தது. மரினாவின் பெயர் மேசைவரை அசைத்துப் பேனாவையும் எடுக்க வைத்தது.

அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஜெபமாலை வைத்த மாலையே மரினா கட்லட்டோடு இசபெலின் பக்கத்தில் குனிந்து, "அக்கா, கீழ சக்கரம் இருக்காம், எங்கட இவர் வான் நிப்பாட்டேக்க செங்கல் ஓட்டைக்குள்ளால கண்டவராம், உண்மையோ?" என்று கேட்டிருந்தாள். "ஓம்," என்றிருந்தாள் இசபெல். பங்கு முழுக்கத் தெரிந்த ஒன்றை மறைக்கத்தான் ஞானரட்ணம் கையெழுத்து வைத்தார். இசபெல் அதை அவருக்குச் சொல்லவில்லை. அடுத்த தேவைக்கும் அது உதவும்.

சாய்வுப்பாதை வந்தது. சாம்பல் நிறம், துளை துளையாக இருந்தது, வடிவே இல்லை. வைத்துவிட்டு ஆட்கள் போனதும் இசபெல் தனியாக இறங்கினாள். நாற்காலியின் பிறேக்கைப் பிடித்துப் பிடித்து மெல்ல மெல்ல இறங்கி, தட்டையான நிலத்துக்கு வந்ததும் நாற்காலியைத் திருப்பி வீட்டைப் பார்த்தாள். உள்ளே போன நாளுக்குப் பிறகு அதன் வெளிப்பக்கத்தைப் படத்தில் அல்லாமல் பார்த்தது அப்போதுதான். தூண்கள் நின்ற இடத்தில் இரண்டு காயம். ஒரு பக்கம் சரிந்த பலகை. பலகைக்குப் பின்னால், காற்றுப் போன ரயர் ஒன்று.

இதற்காகவா, என்று நினைத்தாள். மிச்சத்தில் தூக்கிய சட்டிகள் நினைவுக்கு வந்தன. பஸ் தரிப்புக்குப் போகவேண்டும் என்று வந்தவளுக்கு எங்கே போவது, போனால் யாரிடம் என்று தெரியவில்லை. மகன் வீட்டுக்குப் போக மூன்று இடத்தில் பஸ் மாறவேண்டும், அங்கேயும் வாசலில் படி.

ஞானரட்ணம் கதவைப் பாதி திறந்து, முகத்தை மட்டும் காட்டினார்.

"உள்ள வாரும். ஆக்கள் பாக்கினம்."

இசபெல் றோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். எல்லா வீட்டுத் திரையும் மூடிக்கிடந்தது. குப்பைத்தொட்டிகள் வரிசையாக நின்றன.

"இஞ்ச எங்களை ஒருத்தரும் பாக்கேல்லை," என்றாள். "வந்து நிண்டு பாருங்கோ."

அவர் வரவில்லை. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. இசபெல் பிறேக்கை விட்டு, பஸ் தரிப்புப் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.