கண்ணாடி மேசையில் ஒரு ஆட்டம்

அந்தக் கடை மூடப்பட்டதில் எனக்கும் பங்கு உண்டு. கடைசி நான்கு வருடங்களாக நான் அங்கே குடித்தது எலுமிச்சைத் துண்டு போட்ட சோடாத் தண்ணீர் மட்டும்தான். டொக்டர் சீனி வருத்தம் என்று சொன்ன நாளோடு பியரை விட்டுவிட்டேன், கடையை விடவில்லை. ஒரு கிளாஸ் சோடாவை முன்னால் வைத்துக்கொண்டு மூன்று மணித்தியாலம் உட்கார்ந்திருப்பேன். இப்படி நாலு வாடிக்கையாளர் வாய்த்தால் எந்த முதலாளி உருப்படுவார்?

ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரத்தில் இந்த மாதிரித் தெருமுனைக் குடிக்கடையை க்னைப்பே என்பார்கள். ஒரு மரக் கவுண்டர், ஐந்து மேசை, யன்னலில் வாடின பூச்செடி ஒன்று. இருபது வருடத்துக்கு முன்னர், ஒரு சனிக்கிழமை காலையில்தான் முதல்முறை உள்ளே போனேன். எதிரே இருந்த மண்டபத்தில் மகளுக்குத் தமிழ் வகுப்பு, பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை. மற்றத் தகப்பன்மார் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு அரசியல் பேசினார்கள். என்னுடைய காரில் ஹீட்டர் வேலை செய்யாது, அரசியலும் எனக்கு அலுத்துப்போயிருந்தது. வெளியே பனி கொட்டியது. இரவு வேலை முடித்து வருபவர்களுக்காக அந்தக் கடை காலையிலேயே திறந்துவிடும்.

நனைந்த சப்பாத்தோடு வாசலில் நின்றேன். ஒரு மேசையில் கடை முதலாளி அம்மாவும், தோள் அகன்ற ஒரு வெள்ளைக்கார மனிதரும் காட்ஸ் சீட்டுக் கட்டை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். அவர்களுடைய மூன்றாவது ஆள் ஆஸ்பத்திரியில் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த மனிதர் வணக்கமும் சொல்லவில்லை, பேரும் கேட்கவில்லை.

"காட்ஸ் தெரியுமோ?" என்றார் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில்.

தெரியும் என்றேன். பொய் இல்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு முன்னூற்றிநாலு என்கிற சீட்டாட்டம் தெரியாமல் இருக்குமா? அவர்கள் விளையாடியது ஸ்காட் என்கிற ஆட்டம். மூன்று பேர் வேண்டும், ஒருவரை இரண்டு பேர் எதிர்ப்பார்கள். எங்கள் ஆட்டத்தைப் போலவே அதிலும் ஜாக்தான் எல்லாவற்றுக்கும் பெரியது என்று கேட்டதும் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. முன்னூற்றிநாலில் ஜாக்குக்கு அடுத்த பெரிய சீட்டு ஒன்பது. கையிலோ துருப்பு ஒன்பது இருந்தது. சமயம் பார்த்து, மேசை அதிர, ஓங்கி அடித்தேன்.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஸ்காட்டில் ஒன்பதுக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. அந்த மனிதர் மெதுவாக ஒரு துருப்புப் பத்தை வைத்து அதை வாரிக்கொண்டு போனார். அவருடைய சிரிப்பு அடங்க ஒரு பியர் முடியும் நேரம் எடுத்தது. அதன் பிறகு இருபது வருடமும், மேசையில் எப்போது ஒன்பது விழுந்தாலும் அதற்கு ஒரு சலூட் அடிப்பார். மூன்றாவது ஆள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவேயில்லை. அந்தக் கதிரை எனக்கு வந்தது.

அவர் முப்பது வருடம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வேலை செய்தவர். பேச்சு குறைவு, தூஷணம் தாராளம். நான் பிழையாக ஒரு சீட்டைப் போட்டால் என்னுடைய மூளையைப் பற்றி அவர் சொல்பவற்றை இங்கே எழுத முடியாது. ஆட்டத்தில் இரக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. நான் வேலை செய்த களஞ்சியத்தை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிய கிழமை, தோளில் கை வைத்து, "கேள்விப்பட்டன். கவலைதான்" என்றார். பிறகு உட்கார்ந்து ஒரு மணிவரை சீட்டில் என்னை வழித்துத் துடைத்தார். அன்றைக்கு முழு உலகமும் என்னைப் பாவம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஒருவர் பார்க்கவில்லை என்பது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவருக்குச் சொன்னதில்லை.

மகள் தமிழ் வகுப்பை முடித்தாள். நான் போய்க்கொண்டிருந்தேன்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை கடைசிச் சோதினையும் பாஸ் பண்ணிட்டாள்" என்றாள் மனைவி. "நீங்கள் இன்னும் பாஸ் பண்ணேல்லையோ?"

முதலில் வந்த நாட்களில் காலை பத்து மணிக்கே கவுண்டர் ஓரம் ஆட்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். பிறகு பக்கத்துத் தொழிற்சாலையை மூடினார்கள், இரவு வேலைக்காரர் இல்லாமல் போனார்கள். உள்ளே புகைக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. சிகரெட்டுக்கு வெளியே போனவர்களில் சிலர் அப்படியே வீட்டுக்குப் போகப் பழகிவிட்டார்கள். இளசுகள் பெட்டிக்கடையில் போத்தல் வாங்கிப் பூங்காவில் நின்று குடிக்கிறார்கள், இல்லாவிட்டால் குடிப்பதேயில்லை. என் மகள் சிநேகிதிகளோடு வீட்டிலிருந்து குடிக்கும் பியரில் அற்ககோல் கிடையாது. "அடுத்த நாள் தலையிடியோட வேலைக்குப் போக ஏலாது அப்பா" என்கிறாள். அவள் சொல்வதில் பிழை கண்டுபிடிக்க நான் ஆள் இல்லை, நானே சோடாக்காரன். ஆனால் அவளுக்கு முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரு மேசையில் இருக்க இனி எங்கே வாய்க்கப்போகிறது என்று நினைத்தால் மனம் என்னவோ செய்கிறது.

போன இலையுதிர் காலத்தில் முதலாளி அம்மா சொல்லிவிட்டா. முழங்கால் ஏலாது, எடுத்து நடத்த ஆள் இல்லை, மூடப்போறன், மூடி இரண்டு மாதத்தில் வடக்கே மகளிடம் போறன். சொல்லிவிட்டுச் சீட்டைக் கலைத்துப் போட்டா.

கடைசிச் சனிக்கிழமைதான் எனக்குப் பயம் பிடித்தது. இருபது வருடம் ஒரே மேசையில் இருந்த மனிதருடைய வீடு எந்தத் தெருவில் என்று எனக்குத் தெரியாது, போன் நம்பரும் தெரியாது. கேட்க வேண்டிய தேவையே வந்ததில்லை. சனிக்கிழமை போனால் அவர் இருப்பார், அவ்வளவுதான். இன்றைக்கு இந்தக் கதவைப் பூட்டினால் இவரை நான் இழந்துவிடுவேன்.

"வாற சனி என்ர வீட்டை வாங்கோ, ரெண்டு பேரும்" என்றேன்.

"வீட்டையோ?" என்றார் அவர், ஏதோ பொலிசுக்குக் கூப்பிட்டதுபோல. பிறகு பியர் கிளாஸுக்குக் கீழே வைக்கும் மட்டையை எடுத்துத் தன் நம்பரை எழுதித் தந்தார்.

மனைவி வெள்ளி இரவே றோல்ஸும் கட்லட்டும் சுட்டு வைத்துவிட்டாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள், அவளுடைய டொச்சு என்னுடையதைவிடத் திறம். அவர் இஸ்திரி போட்ட சேர்ட்டில், கையில் பூங்கொத்தோடு வந்தார். சப்பாத்தைக் கழற்றினார், காலுறை புத்தம் புதிது. மனைவியை நீங்கள், உங்கள் என்று அழைத்தார். அந்த மரியாதை தொற்றுநோய்போல எனக்கும் பரவி, சற்று நேரத்தில் என்னையும் "நீங்கள்" என்றார். முதலாளி அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கிளாஸ் காலியானால் போதும், எடுத்துக்கொண்டு குசினிக்கு எழும்புவா. "இருங்கோ, நீங்கள் விருந்தாளி" என்று மனைவி பிடித்து இருத்துவாள். இரண்டு நிமிடத்தில் திரும்ப எழும்புவா.

எங்கள் வீட்டு மேசை கண்ணாடி மேசை. முட்டி தெறிக்கச் சீட்டு அடிக்கும் மனிதர் ஒவ்வொரு சீட்டையும் கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல வைத்தார். ஒரு தூஷணமும் இல்லை. கட்லட் நன்றாக இருக்கிறது என்று மூன்று தரம் சொன்னார். நான் தனியாக நிற்க அவர்கள் இருவரும் எதிர்த்த ஆட்டம் ஒன்று வந்தது. மனைவி தேத்தண்ணியோடு வந்து, போகாமல் என் பின்னால் நின்று பார்த்தாள். எனக்குக் கை மோசம். மூன்று ஜாக் போய்விட்டது, நான்காவது அவரிடம் என்று எண்ணி வைத்திருந்தேன். வேறு வழியில்லாமல் ஒரு பத்தைப் போட்டேன். அந்தப் பத்தின் வகைச் சீட்டு எதுவும் அவரிடம் இல்லை, ஜாக்கால் வெட்டினால் நான் முடிந்தேன். அவர் ஒன்றுக்கும் உதவாத ஒரு ஏழாம் நம்பர்ச் சீட்டைக் கிடத்தினார். நான் வென்றேன். மனைவி கை தட்டினாள்.

அவர்கள் போனதும், "என்ன நல்ல மனுசன்" என்றாள் அவள். இருபது வருடத்தில் ஒருநாளும் எனக்கு விட்டுத்தராத மனிதர், என் வீட்டில் விருந்தாளியாக இருந்து, ஒரு ஆட்டத்தைப் பிச்சை போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அப்படியென்றால் கடை உண்மையாகவே மூடியாயிற்று என்று நினைத்தேன். கோபத்தில் இரண்டு நாள் பொறுத்து, மூன்றாம் நாள் போன் எடுத்தேன்.

"அந்த ஜாக்கால ஏன் வெட்டேல்லை?" என்றேன், வணக்கமும் சொல்லாமல்.

"உன்ர மனுசி பாத்துக்கொண்டு நிண்டவ" என்றார். "அவவுக்கு முன்னால உன்னை எப்பிடித் தோற்கடிக்கிறது?"

இந்த நாட்டில் எத்தனையோ மேசைகளுக்கு முன்னால், அவள் பக்கத்தில் நிற்க நிற்க, நான் தோற்றிருக்கிறேன். அகதி விண்ணப்பத்துக்கு, வீட்டுக்கு, வேலைக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவரும், மனைவி நிற்கிறாளே என்று ஒரு கணம் யோசித்ததில்லை. திட்டுவதற்குப் போன் எடுத்தவன், சுவரில் மாட்டியிருந்த மனைவியின் வேலை அட்டவணையைப் பார்த்தேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"வாற சனி அவவுக்கு வேலை" என்றேன் கடைசியில். "வீட்டில நிக்கமாட்டா."

"அப்ப ரெண்டு பேரும் வாறம்" என்றார். பிறகு, நல்ல பழைய தூஷணம் ஒன்றைச் சொல்லி, அந்தக் கண்ணாடி மேசையில் கம்பளி ஏதாவது விரித்து வை என்றார்.