இறங்கும் நேரத்தில் நின்றவள்

என் அக்கா மகள் கோகிலவாணி விமானப் பணிப்பெண். சின்னசேலத்தில் அதைச் சொன்னால், "ஏர்போர்ட்லயா?" என்பார்கள். "ஏர்போர்ட்ல இல்ல, பிளேனுக்குள்ளயே" என்று தெருவுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். பெருமைதான், ஒளிப்பானேன்?

வேலைக்குப் போன பிறகு அவள் பேச்சு மாறிவிட்டது. வீட்டுக்கு வந்தாலும் மைக்கில் அறிவிப்பதுபோலத்தான் பேசுவாள். "எங்கூட சண்ட போடறப்ப மட்டும்தான் இவ நம்ம ஊரு பொண்ணு" என்பாள் அக்கா விஜயலட்சுமி. ஆனால் வேலை பார்க்கும் இடத்தில் ஊர்ப்பேச்சு காதில் விழாமல் அவள் ஏங்கிப்போயிருந்தது எங்களுக்குத் தெரியாது. அந்த ஏக்கம்தான் அவள் காலை உடைத்தது.

அன்று குவைத்திலிருந்து வந்த விமானம் சென்னையில் இறங்கிக்கொண்டிருந்தது. பயணிகளின் பெல்ட்டைச் சரிபார்த்துவிட்டுப் பணிப்பெண்களும் உட்கார்ந்துவிட வேண்டிய நேரம். கடைசி வரிசையில் ஒரு பெரியவர் பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது, மாட்டவே மாட்டேங்குது" என்றார். கச்சிராயபாளையத்துக்காரர், பெயர் பாவாடை. அந்தப் பேச்சைக் கேட்டதுமே வாணிக்கு ஊர்ப்பக்கம் பிடிபட்டுவிட்டது. குனிந்து மாட்டிவிட்டு, "எனக்கும் உங்க பக்கம்தாங்க, சின்னசேலம்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது.

"சின்னசேலத்துல யாரு வூட்டுப் பொண்ணு?"

அதற்குப் பதில் சொல்லாமல் நகர்ந்தால் திமிர் பிடித்தவள் என்று ஆகிவிடும். வேறு ஊர்க்காரியாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். இவள் நின்றாள். "ஸ்டேஷனுக்குப் பின்னாடி மக்காச்சோளம் போடுவாரே, தங்கதுரை..." என்று அப்பாவைச் சொல்லி முடிக்கவில்லை, விமானம் பொத்தென்று கீழே போயிற்று. வெளியே பொட்டு மேகம் இல்லை. பெல்ட் போட்டிருந்தவர்கள் ஒரு குலுங்கலோடு தப்பினார்கள். வாணி மேல்கூரையில் மோதி விழுந்தாள். வலது கணுக்கால் இருக்கைக்கு அடியில் மாட்டித் திருகிக்கொண்டது.

உடைந்த எலும்புக்குத் தகடு வைத்து, கட்டுப் போட்டு, வீட்டுக்குக் கூட்டிவந்தோம். பாவாடை விசாரித்துக்கொண்டு சாத்துக்குடியோடு வந்துவிட்டார். யார் வீட்டுப் பெண் என்றுதான் தெரிந்துவிட்டதே.

"அந்த நேரத்துல நான் ஊரு கத பேசிக்கினு இருந்திருக்கக் கூடாதும்மா" என்று அவர் தலையைத் தொங்கப் போட்டார்.

"அப்படிச் சொல்லாதீங்க ஐயா. நீங்க கேட்டது எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா?" என்றாள் வாணி. அவர் போன பிறகு அழுதாள்.

கட்டுப் பிரித்ததும் தினமும் சாயங்காலம் மொட்டைமாடிக்கு ஏறிவிடுவாள். கல்வராயன் மலைக்கு மேலே ஏதாவது ஒரு விமானம் புள்ளியாகப் போகும். "இப்ப டீ குடுத்துக்கினு இருப்பாங்க சின்னம்மா" என்பாள். ஊர்ப்பேச்சு திரும்பி வந்துவிட்டது. எங்களுக்கு அதில் சந்தோஷம், அவளுக்கு இல்லை. வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பவளின் பக்கத்தில் நான் துணி மடித்துக்கொண்டிருப்பேன்.

"கீழயே ஏர்போர்ட் கவுண்டர்ல வேல தர்றாங்களாம். அது போதும்டி, எனக்கும் தூக்கம் வரும்" என்றாள் அக்கா.

"கீழ இருக்கறதுக்காம்மா நான் ஊரவிட்டுப் போனேன்?"

மறுபடி பறக்க வேண்டுமென்றால் கம்பெனி டாக்டர் முன்னால் குந்தி எழ வேண்டும், கனமான கதவை இழுத்துத் திறக்க வேண்டும். அதற்காக ஸ்டேஷன் மேம்பாலப் படிகளில் ஏறி இறங்கிப் பழகினாள். வலியை முகத்தில் காட்டாமல் சிரிப்பது அவளுக்குத் தொழிலாயிற்றே, எங்களிடமும் சிரித்தாள்.

மும்பையில் கம்பெனி டாக்டர் குந்தச் சொன்னார். குந்தினாள், எழ முடியவில்லை. கீழே கவுண்டரில்தான் இனி வேலை என்று எழுதிவிட்டார்கள்.

அன்றே பயணியாகத் திரும்பினாள். சென்னை நெருங்க, விமானம் இறங்கத் தொடங்கியது. வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பெண் பெல்ட் பார்த்துக்கொண்டே வந்தவள், வாணியின் கண்ணீரைக் கண்டு நின்றுவிட்டாள்.

"பயமா இருக்கா மேடம்?"

நானும் இந்த வேலைதான் பார்த்தேன் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்ததாம். சொன்னால் அந்தப் பெண் நின்று, எத்தனை வருஷம், எந்தெந்த ஊர், ஏன் விட்டீங்க என்றெல்லாம் கேட்பாள். அதைப் பேசத்தான் வாணி தவித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா, இப்பதான் மொத தடவ பிளேன்ல வர்றேன்" என்றாள். "நீ போய் உக்காரு."