பருக்கை வைத்து ஒட்டிய செவ்வாய்க்கிழமை

எங்கள் பக்கம் மீன் விற்க வரும் அம்மாள் வெள்ளிக்கிழமை மட்டும் வரமாட்டாள். வெள்ளியன்று யாரும் கவிச்சி வாங்கமாட்டார்கள் என்பதால் அன்றைக்கு அவளுக்கு ஓய்வு. மற்ற ஆறு நாளும் கடற்கரையிலிருந்து மொபெட்டின் பின்னால் அன்னக்கூடையைக் கட்டிக்கொண்டு வந்து, வாய்க்கால் மதகில் நின்று ஆரன் அடிப்பாள். ஆரன் கேட்கவில்லை என்றால் அன்றைக்கு வெள்ளி. நான் கிழமை தெரிந்துகொண்டது இப்படித்தான். கொரோனா வந்த வருஷம் பங்குனியில் ஊரை அடைத்தார்கள். அவள் வரவில்லை. அந்தக் கணக்குப்படி எனக்கு எல்லா நாளும் வெள்ளிக்கிழமையாகிப் போனது.

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவன் இல்லை. எண் தெரியும், எழுத்துத் தெரியாது. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். எழுத்துத் தெரியாததால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நாள் கிழமையை யார் எழுதி வைத்துப் பார்க்கிறார்கள்? திருத்துறைப்பூண்டிக்குப் போகும் முதல் பஸ் ரோட்டில் ஏறினால் விடிந்துவிட்டது. பள்ளிக்கூட மணி அடித்தால் கஞ்சி குடிக்கும் நேரம். தெருவில் பிள்ளைகள் சத்தம் பகலெல்லாம் கேட்டால் ஞாயிறு, இல்லையென்றால் லீவு. நாள் என்பது மற்றவர்கள் போடும் சத்தம். அது நின்றபோதுதான் எனக்கு அது புரிந்தது.

என் வீடு தெருவில் இல்லை. தெருவிலிருந்து வாய்க்காலைத் தாண்டி, நாலு வயல் கடந்து, களத்து மேட்டில் இருக்கிறது. வீட்டுக்காரி இருந்தவரை அது தூரமாகத் தெரியவில்லை. அவள் போய் அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தினம் தாள் கிழிக்கிற காலண்டரை அவள்தான் பார்த்துக்கொள்வாள். அவளுக்குப் பிறகு நான் கிழித்தேன். ஞாயிறு என்றால் எண் சிவப்பில் இருக்கும். அதிலிருந்து விரல் மடக்கிக் கிழமை கண்டுபிடிப்பேன்.

மகள் மயிலாடுதுறையில் இருக்கிறாள். தினமும் போன் செய்வாள். ஊரடங்குக்கு முன்பே ஒரு பேச்சு எங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய மாமியார் நன்றாக இருந்தவர்தான். திடீரென்று ஒருநாள் கிழமை மாற்றிச் சொன்னார். பிறகு மாதம் மாறியது. கடைசியில் பெற்ற பிள்ளையைப் பார்த்து, நீங்க யாரு தம்பி என்று கேட்டார். அதை ஐந்து வருஷம் பார்த்தவள் என் மகள். அதனால் என்னிடம் கறாராகச் சொல்லியிருந்தாள்.

"இந்த பாருங்கப்பா, ஒரு தடவ தடுமாறுனீங்கன்னு தெரிஞ்சாக்கூட போதும். நெலத்த குத்தகைக்கு விட்டுட்டு உங்கள இங்க கூட்டியாந்துருவேன். அப்புறம் என்னைய குத்தம் சொல்லக்கூடாது."

"நீ கூப்புட்டா நான் வரணுமா?"

"வரணும்."

அதிலிருந்து அவள் போன் செய்தால் முதலில் சாப்பாடு கேட்பாள், இரண்டாவதாகக் கிழமை கேட்பாள். விளையாட்டுப்போலத்தான் கேட்பாள். விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். சரியாகச் சொல்கிறவரை மூன்று மா நிலமும் களத்து மேட்டு வீடும் என்னுடையவை. தப்பினால் மயிலாடுதுறை மாடியில் ஒரு அறை.

ஊர் அடைத்த முதல் பத்து நாள் தாக்குப்பிடித்தேன். பிறகு, காலையில் தாளைக் கிழித்தேனா, நேற்றுக் கிழித்ததைத்தான் நினைக்கிறேனா என்று சந்தேகம் வர ஆரம்பித்தது. டிவிக்கு ரீசார்ஜ் செய்யும் கடை மூடிக்கிடந்தது. பொத்தான் போனில் தேதி தெரியும் என்பார்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் அது ஏதோ பழைய வருஷத்துக்குப் போய் நின்றுவிட்டது.

எனக்கிருந்த ஒரே ஆள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயல்காரர். என்னைவிட இருபது வயது சின்னவர். மாப்பிள்ளை முறை. அவர் அந்தக் கரை, நான் இந்தக் கரை, நடுவில் தண்ணீர் இல்லாத வாய்க்கால். இறங்கி வரமாட்டார். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அங்கிருந்தே கத்துவார். நான் நேராகக் கேட்காமல் சுற்றி வளைப்பேன்.

"மாப்ள, சந்தை இருந்தா இன்னைக்கு என்ன வாங்கியிருப்ப?"

"சந்தை எங்க மாமா இருக்கு?"

"இருந்தான்னு சொல்றேன்ல."

"இன்னைக்கு சந்தை நாளே இல்லையே. கெழம தெரியணும்னா நேரா கேக்க வேண்டியதுதானே. எதுக்கு மாமா இந்த சுத்து?"

"சரி, என்ன கெழம?"

அவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார்.

"புதன்னு நெனைக்கிறேன். எதுக்கும் எம் பொண்டாட்டிய கேட்டு சொல்றேன், இருங்க."

அவருக்குக் கேட்க ஒரு ஆள் வீட்டுக்குள் இருந்தது. இதை நான் பொறாமையாகச் சொல்லவில்லை. பொறாமை கொஞ்சம் இருந்தது.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் பெரிய புயல் அடித்தது. பேராவூரணியில் என் தங்கை வீட்டுத் தென்னை ஒன்றுகூட மிச்சமில்லாமல் சாய்ந்தது. எங்களுக்கும் ஓடு பறந்து, ஒரு மாதம் கரண்ட் இல்லை. ஆனால் அந்த ஒரு மாதத்தில் ஒருநாள்கூட எனக்குத் தப்பவில்லை. எல்லாரும் ரோட்டில் கிடந்தோம். ஒரே அண்டாவில் சோறு. அழுவதும் சண்டை போடுவதும் எல்லாம் எதிரில் நடந்தது. ஊரடங்கில் ஓடு பறக்கவில்லை, மரம் சாயவில்லை, அரிசி இருந்தது, பருப்பு இருந்தது. பேச்சு மட்டும் இல்லை. மத்தியானத்தில் ஒரு தடவை உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தவன் நானாகவே சத்தமாக இருமினேன். ஒரு மனிதச் சத்தம் கேட்கட்டுமே என்று.

சித்திரையில் நாற்று விட முடிவு செய்தேன். ஆற்றுத் தண்ணீர் வர நாளாகும். மாப்பிள்ளையின் போர் மோட்டாரிலிருந்து தண்ணீர் வாங்கி முன்னதாகக் குறுவை போடுவது வழக்கம். விதை விடுவது எனக்குப் பத்து வயதில் பழகிய வேலை. விதை நெல்லைச் சாக்கில் கட்டி ஒரு பகல் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பிறகு வடித்து, வைக்கோலைப் பரப்பி, சாக்கை அதன்மேல் வைத்து, மேலேயும் வைக்கோல் போட்டு மூடி, பாரம் வைத்து மூட்டம் போட வேண்டும். அது இன்னொரு பகல், இன்னொரு இரவு. உள்ளே சூடு ஏறி நெல் வெள்ளையாக மூக்கு நீட்டும். மறுநாள் காலையில் பிரித்து விதைத்துவிட வேண்டும். நடுவில் பிரித்துப் பார்த்தால் சூடு போய்விடும் என்பதால் பிரிக்கமாட்டோம். நாள் கணக்கைத்தான் நம்புவோம்.

மொத்த விதையில் முக்கால் பங்கைத் திங்கட்கிழமை காலையில் ஊறப்போட்டேன். மீதியை, பழுது வந்தால் ஆகும் என்று குதிரிலேயே வைத்தேன். செவ்வாய் காலை வடித்து மூட்டம் போட்டேன். வைக்கோல் சுமந்த அலுப்பு. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது வெளிச்சம் மங்கலாக இருந்தது. சுவர்க் கடிகாரம் ஆறு என்றது. விடிந்துவிட்டது, விதை காத்திருக்கிறதே என்று எழுந்தேன். பல் விளக்கினேன். காலண்டரில் தாளைக் கிழித்தேன். காப்பி போட்டுக் குடித்தேன். முதலில் நாற்றங்காலைச் சமன் செய்துவிட்டு வந்து மூட்டத்தைப் பிரிக்கலாம் என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மேகம் போட்டிருந்தது. வரப்பில் உட்கார்ந்து, கொஞ்சம் வெளுக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளுக்கவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. கொக்குகள் கூட்டமாகத் திரும்பிப் போயின. அப்போதுதான் இது சாயங்காலம் என்று உறைத்தது.

மண்வெட்டியோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று முதலில் நிம்மதி. பிறகு, பார்க்க ஒருத்தர் இருந்திருந்தால் எங்கே கிளம்பிட்டீங்க என்று கேட்டிருப்பாரே என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து, கிழித்த தாளைத் தேடியெடுத்து, நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி, பழைய இடத்திலேயே ஒட்டினேன்.

மறுநாள் காலை எழுந்ததும் காலண்டர் முன் நின்றேன். செவ்வாய்க்கிழமைத் தாள் கொஞ்சம் கோணலாக நின்றது. இதை அவசரப்பட்டுக் கிழித்துத்தானே ஏமாந்தோம், இன்றைக்கும் ஏமாறக் கூடாது என்று நினைத்தேன். தலைக்குள் அந்த ஒரு நினைப்புத்தான். கை வைக்காமல் விட்டுவிட்டேன். அதாவது, புதன்கிழமையை நான் செவ்வாய் என்று வைத்துக்கொண்டேன். மூட்டத்துக்கு இன்னும் ஒரு இரவு பாக்கி என்று கணக்குப் போட்டு, மேலே தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கு மகள் போன் செய்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. ரசம் வச்சேன்."

"இன்னைக்கு என்ன கெழமப்பா?"

"செவ்வா. இதுல என்ன சந்தேகம்?"

லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேன்பா. சரிப்பா. ஒடம்ப பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டாள்.

அவ்வளவு சீக்கிரம் அவள் வைக்கமாட்டாள். அடுப்பில் ஏதோ இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். சரியாகச் சொல்லிவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு திமிரும் இருந்தது.

அடுத்த நாள் காலை மூட்டத்தைப் பிரித்தேன். வைக்கோலை விலக்கும்போதே புளிச்ச வாடை அடித்தது. சாக்குக்குள் கை வைத்தால் சுட்டது. சித்திரை வெயிலில் ஒருநாள் கூடுதல் என்றால் சும்மாவா? வேர் நீண்டு, ஒன்றோடொன்று பின்னி, நெல் முழுக்க ஒரே பாயாகக் கிடந்தது. உதறினால் முளை முறிந்தது. நடுவில் வெந்துபோய்ப் பழுப்பாக இருந்தது. அறுபது வருஷத்தில் எத்தனையோ தடவை நாற்று அழிந்திருக்கிறது. மழையில் போயிருக்கிறது, பூச்சியில் போயிருக்கிறது. நாள் தெரியாமல் போனது இது ஒன்றுதான்.

அந்தச் சாக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டேன். மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்றுதான் இருந்தது.

"வெதை போச்சும்மா. நாள தப்பவிட்டுட்டேன்."

"தெரியும்பா."

"எப்படி?"

"நேத்து புதன். நீங்க செவ்வான்னு சொன்னீங்க."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொல்லிட்டு என்ன பண்ணுவேன்? வந்து கூட்டிட்டுப் போக வண்டிக்கு பாஸ் குடுக்க மாட்டேங்குறான். சொல்லிட்டு இங்க உக்காந்து அழுவுறதா? ராத்திரி பூரா தூங்கலப்பா."

இந்த இடத்தில் அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, இதெல்லாம் வேண்டாமே என்றாள். எழுது என்றேன்.

அன்றைக்கு அவள் அதற்கு மேல் அழவில்லை. "மிச்ச வெதை இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "இப்ப ஊறப்போடுங்க. மணிய நான் பாத்துக்குறேன்" என்றாள்.

வயலுக்கு வந்து சேறு மிதிக்காத பெண் அவள். மயிலாடுதுறையில் உட்கார்ந்துகொண்டு என் விதையை அவள் எண்ணினாள். மறுநாள் காலை போன் வந்தது. "தண்ணிய வடிங்கப்பா." அதற்கு அடுத்த நாள் காலை. "பிரிங்க. எப்படி இருக்கு?" நெல் எல்லாம் ஒரே அளவில் வெள்ளையாக மூக்கு நீட்டியிருந்தது. சொன்னேன். போனை வைக்க வேண்டாம், பையிலேயே இருக்கட்டும் என்றாள். அப்படியே சேற்றில் இறங்கி விதைத்தேன். கையெடுத்து வீசும்போது தண்ணீரில் நெல் விழும் சத்தம் அவளுக்குக் கேட்டதாம். விதைத்து முடித்துக் கரையேறியபோது போனில் சார்ஜ் போயிருந்தது. அவள் எதுவரை இருந்தாள் என்று நான் கேட்கவில்லை.

நாற்று வந்தது. ஒரு மா நிலத்துக்குத்தான் கண்டது. மீதியை மாப்பிள்ளை தன் நாற்றில் கொடுத்தார். நாற்றுக் கட்டுகளை வரப்பில் வைத்துவிட்டு அவர் தள்ளிப் போய் நின்ற பிறகு நான் எடுத்துக்கொள்வேன்.

ஆனியில் பாஸ் கிடைத்து மகள் வந்தாள். நட்ட பயிர் அப்போது பச்சை பிடித்திருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு ஆள் என் வரப்பில் நடந்து வந்தது. வாயை மூடிக் கட்டியிருந்ததால் முதலில் யாரோ என்று நினைத்தேன். வந்ததும் வீட்டுக்குள் போகவில்லை, என்னோடு வயலுக்கு வந்தாள். சுற்றிப் பார்த்தாள். அப்பா என்று ஆரம்பித்து, குனிந்து ஒரு பயிரைத் தொட்டுப் பார்த்தாள். அவளை அந்தக் கஷ்டத்தில் நிறுத்த எனக்கு இஷ்டமில்லை.

"இந்த அறுப்பு முடியட்டும்மா. அப்புறம் பக்கத்து வயல் மாப்ளைக்கே குத்தகைக்கு விட்டுருவோம்."

"நான் கேக்கவே இல்லையேப்பா."

"நீ கேக்க வேணாம்."

"நெலத்த விட்டுட்டு இருந்துருவீங்களா?"

"தெரியல. ஆனா இங்க இனிமே தனியா முடியாது. அது மட்டும் தெரியுது."

அவள் வரப்பில் உட்கார்ந்து, புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, இரண்டு காலையும் வயல் தண்ணீரில் விட்டாள். பக்கத்தில் போய் உட்காரலாம்போல இருந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்களிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்று அப்போது சொல்லியிருந்தார்கள். நான் நாலு முழம் தள்ளி அதே வரப்பில் உட்கார்ந்தேன்.