வெள்ளை அட்டை மூடிய வீடுகள்

புலம்பெயர்ந்து வந்த லாசால் என்ற ஊரில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த வெள்ளை அட்டையை அளவாக வெட்டுவது என் வேலை. வருகிறவர்களோடு பேசுவது முதலாளி. எனக்கு அவ்வளவாகப் பேச வராது. பின்மேசையில் இருந்தால்தான் நிம்மதி.

போன மாசியில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் பழைய வரைபடமொன்றின் பிரதியோடு வந்தார். பேத்தியின் கல்யாணத்துக்குப் பரிசாம். இங்கிலாந்து அமெரிக்காவை ஆண்ட காலத்தில் அவருடைய மூதாதை வைத்திருந்த புகையிலைத் தோட்டம் அது. ஆற்றங்கரையில் பெரிய வீடு, படகுத்துறை, பின்னால் வயல் வயலாக நிலம். அந்த மூதாதை வெறுங்கையோடு வந்து நீதவான் ஆனாராம். பிறகு நிலம் வழங்கும் சபையிலும் இருந்தாராம். கப்பலில் கொண்டுவந்து இறக்கிய ஒவ்வொரு ஆளுக்கும் இவ்வளவு ஏக்கர் என்று, கொண்டுவந்தவருக்குக் கொடுப்பார்களாம். நிலம் பெருகியது அப்படித்தானாம். யார் அந்த ஆட்கள் என்று முதலாளி கேட்டார். ஆபிரிக்க அடிமைகள், அந்தக் காலம் அப்படி என்றார் பெரியவர்.

வரைபடத்தின் கீழ் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருந்தன. அவற்றை விரலால் காட்டி, அட்டை இதை மூடட்டும், கல்யாண வீட்டுக்கு இது அழகில்லை என்றார்.

அவை அந்த அடிமைகள் இருந்த வீடுகள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். துரையின் பங்களா மேலே, எங்கள் லயம் கீழே. நீளமாக ஒரே கூரை, குடும்பத்துக்கு ஒரு அறை. எங்களை யாரும் விற்கவில்லை, அது வேறு. ஆனாலும் அந்த வரிசையைக் கண்டதும் ஆத்திரம் வந்தது. அந்த ஆட்களின் தலையை எண்ணிக் காட்டித்தானே மூதாதை இவ்வளவு நிலமும் வாங்கினான்? இப்போது சுவரில் மாட்ட அவர்கள் அழகில்லையா? அந்தப் பேத்தி காலம் முழுக்க வயலைப் பார்ப்பாள், உழுதவர்களின் கூரையைப் பார்க்கமாட்டாள்.

பெரியவர் போனதும் சொன்னேன்.

"அண்ணே, இத நான் வெட்ட மாட்டேன்."

முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். "ஏன் பிள்ளை, கத்தி மழுங்கிப் போச்சோ?"

"அதுல ஆளுங்க இருந்தாங்க."

"உங்கட லயத்தைக் கொண்டுபோய் ஏன் அமெரிக்காவில கட்டுறாய்?" என்று சிரித்தார். "அந்தாள் மூடச் சொல்லுது, நாங்கள் மூடுறம். இல்லாட்டி வேற கடைக்குப் போயிடும்."

"போகட்டும்."

"அட, உனக்கு வாயும் இருக்கே!"

அவரே வெட்டினார். பழக்கமில்லாத கை. இரண்டு அட்டை வீணான பிறகுதான் சரிவந்தது. வெட்டும்போது அளவுகோலைப் பிடி என்றார். நான் பிடிக்கவில்லை. கீழ்வரிசை முழுவதும் மறைந்தது.

சனிக்கிழமை பெரியவர் வந்து பார்த்து, எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று மகிழ்ந்தார். தாளில் சுற்றிக் கொடுக்கச் சொல்லி முதலாளி என்னைப் பார்த்தார். நான் எழும்பவில்லை. அவரே சுற்றிக் கொடுத்தார்.

கதவு மூடியதும், "இன்னும் கோவமோ?" என்றார்.

"ஆமா அண்ணே."

"திங்கக்கிழமைக்கு ஆறிடும்."

"ஆறாது," என்றேன்.