தறி நின்ற பிறகும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஓரிடத்திலும் நான் நிலையாக இருந்ததில்லை. திருப்பூரில் பனியன் மடித்தேன், கேரளாவில் கல் சுமந்தேன், லாரியில் கிளீனராகப் போனேன். ராஜபாளையம் பக்கத்து விசைத்தறிக் கொட்டகைக்கு வந்தபோதும் மழைக்காலம் முடிந்ததும் கிளம்பிவிடுவதாகத்தான் எண்ணம். அங்கே நெய்வது புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி.

என் இடது உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே, சின்ன வயதிலிருந்தே மெத்தென்று ஒரு நீல மேடு உண்டு. தறிக்கு வந்த பிறகு அது பருத்தது. தொட்டால் சூடு, உள்ளே விடாத அதிர்வு. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தறி ஓடும் கொட்டகையில் தரை அதிரும், சுவர் அதிரும், கிளாஸில் டீ அதிரும். கையும் அதிர்ந்தால் என்ன? வேலை விட்டு வந்தபிறகும் எல்லோர் உடம்பிலும் கொஞ்ச நேரம் தறி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தோம். வெகுநேரமாகியும் வரவில்லை. சேத்தூரிலிருந்து பைக்கில் வேலைக்கு வரும் பக்கத்துத் தறிக்கார அண்ணன் தீப்பெட்டி கேட்டார். என் இடது கையிலிருந்து எடுக்கும்போது அவர் விரல் அந்த மேட்டில் பட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"ஏலே, கைக்குள்ள மோட்டாரா வச்சிருக்க? கரண்டு இல்லாமயே ஓடுதே!"

"தறி அதிர்வுண்ணே."

"தறி நின்னு எம்புட்டு நேரம் ஆச்சு? எங் கையத் தொட்டுப் பாருல."

தொட்டேன். அசைவில்லை. என் கையைத் தொட்டேன். ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் ஒரு கம்பி கீறியதில் அந்த இடத்திலிருந்து ரத்தம் பீச்சியடித்து, நெய்த துணி ஒரு மடிப்பு வீணானது நினைவுக்கு வந்தது.

மறுநாள் அண்ணனே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பைக்கில் கூட்டிப்போனார். "கொழுப்புக் கட்டிதாம்ல. ஒரு கீறு, ரெண்டு தையல். பொறவு நாம நெய்யுத துணியவே சுத்தி விட்டுருவாவ," என்று வழியெல்லாம் சிரித்தார்.

டாக்டரம்மாவும் கீறுவதற்குத்தான் தயாரானார். கத்தி தட்டில் வந்துவிட்டது. மரத்துப்போகிற ஊசி போடுமுன் விரலை வைத்து அழுத்தினார். ஸ்டெதஸ்கோப்பை என் உள்ளங்கையில் வைத்துக் கேட்டார். பிறகு தட்டை எடுத்துப்போகச் சொன்னார்.

"இதைக் கீறியிருந்தா ரத்தத்தை இங்க வச்சு நிறுத்தியிருக்க முடியாது," என்றார்.

அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் சிவப்பும் நீலமும் கலந்து கொதித்தன. "ரத்தம் கொண்டுவர்ற குழாய்க்கும் திரும்பக் கொண்டுபோற குழாய்க்கும் நடுவுல மெல்லிசா வலை மாதிரி இருக்கணும். உங்களுக்கு அது இல்லாம ரெண்டும் நேரா சேர்ந்திருக்கு. பிறவியிலேயே இருந்திருக்கும். இது கட்டியே இல்ல," என்று சொல்லி மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் அண்ணன் ஒரு குழியிலும் இறக்காமல் பைக்கை மெதுவாக ஓட்டினார். அதுதான் என்னை இன்னும் கலக்கியது.

மதுரையில், தொடை வழியாக மெல்லிய குழாயை ரத்தக் குழாய்க்குள் கைவரை செலுத்தி, பசைபோன்ற மருந்தால் அந்த இடத்தை அடைப்பதாகச் சொன்னார்கள். மருந்து சற்றுத் தப்பினாலும் விரல் கறுத்துப்போகும், எடுக்க வேண்டிவரலாம் என்றும் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த எல்லா வேலைக்கும் இரண்டு கை வேண்டும். வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டேன்.

மயக்கம் கொடுக்கவில்லை. "விரலை ஆட்டுங்க" என்றபோதெல்லாம் ஆட்டினேன். சொல்லாதபோதும் ஆட்டினேன். உள்ளங்கை மிளகாய் அரைத்ததுபோல் எரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அதிர்வு அடங்கியது.

விரல்கள் தப்பின. கட்டைவிரல் நுனி மட்டும் மரத்தே கிடக்கிறது. முழுவதும் அடைக்க முடியவில்லை, திரும்ப வரலாம், அதிர்வு தெரிந்தால் உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பழைய கொட்டகைக்கே வந்தேன். மழைக்காலம் போய் அடுத்ததும் போய்விட்டது. மதுரையை விட்டுத் தூரமாகப் போகத் துணிவில்லை. தறி ஓடும்போது கையின் அதிர்வு தனியாகத் தெரியாது. கரண்ட் போனால் எல்லோரும் திட்டிக்கொண்டே வெளியே போவார்கள். அண்ணன் மட்டும் வாசலில் நிற்பார்.

"என்னலே, ஓடுதா?"

அவசரப்படமாட்டேன். தரை அடங்க வேண்டும், என் நெஞ்சு அடங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வலது கை விரலை அந்த இடத்தில் கொண்டுபோய் வைப்பேன்.